கைப்பிடி மாறிய மேசைகள்

பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள் சாந்தாமணியைத் தேடி வருவது புதிதல்ல. ஆனால் திருடன் பழைய பொருளை எடுத்துக்கொண்டு அதைவிட உசத்தியான புதுப் பொருளை வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று புலம்பிக்கொண்டு வந்தவர் அப்துல் மஜீத் ஒருவர்தான்.

காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது சாந்தாமணியின் துப்பறியும் நிலையம். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். முக்கால்வாசி வேலை கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் வீட்டார் சொல்லும் தோட்டம் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். உதவியாளர் பாலகோபால் மருந்துக் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்தவர். கல்யாண விசாரணையிலாவது ஒரு சர்வதேசச் சதி அகப்படாதா என்று ஏங்குகிற மனிதர். பாவம், இதுவரை அகப்படவில்லை.

"ஏனுங்கம்மா, கைப்பிடியைப் போயி எவனாச்சும் திருடுவானுங்களா?" என்று நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்தார் மஜீத். "திருடறதுதான் திருடறான், பழசை எடுத்துபோட்டுப் புதுசை மாட்டிட்டுப் போவானுங்களா? எனக்குத் தலையும் புரியல, காலும் புரியலீங்க."

"உக்காருங்க பாய். டீ வரட்டும். மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் சாந்தாமணி.

மஜீத்துக்குக் கரும்புக்கடையில் கிடங்கு. ஆபீஸ்களில் ஆளுக்கொரு தடுப்பு, ஒரு மேசை, ஒரு டிராயர் பெட்டி என்று வரிசையாக அடுக்கியிருப்பார்களே, அந்த கியூபிக்கிள்களை மூடிய ஆபீஸ்களிலிருந்து கழற்றி வாங்கி வருவார். தடுப்புக்குப் புதுத் துணி அடித்து, இரும்புக்குப் பெயிண்ட் அடித்து, புது ஆபீஸ் தொடங்குகிறவர்களுக்கு விற்பார். சரவணம்பட்டியில் கீதா என்ற பெண் புதிதாக ஓர் ஆபீஸ் திறந்திருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் தொழில். அவளே கிடங்குக்கு நேரில் வந்து, தட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, பன்னிரண்டு கியூபிக்கிள்களை எடுத்தாள். மஜீத்தின் அக்கா மகன் சாஹில் சனிக்கிழமை அவற்றைக் கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுத்தான். ஒயர்களை மறைக்கும் வேலை பாக்கி இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லி ஆபீஸ் சாவியையும் அவனே வைத்துக்கொண்டான்.

"திங்கக்கெழமை காத்தால அந்த அம்மணி வந்து டிராயரை இழுத்துப் பார்த்தா கைப்பிடி வேற. பழசு சாதா இரும்பு. இப்ப இருக்கறது கனமான பித்தளை. கம்ப்யூட்டரு அப்படியே இருக்குது, ஒரு பேனா கூடக் காணாமப் போகல."

"சாஹில் என்ன சொல்றான்?"

மஜீத்தின் குரல் இறங்கிவிட்டது. "'நான் திருடலீங்க மாமு'ங்கறான். அதுக்கு மேல கேட்டா வாயைத் தெறக்க மாட்டேங்கறான். நாளைக்கு அந்த வெளிநாட்டுக்காரங்க ஆபீஸைப் பார்க்க வாராங்களாம். அதுக்குள்ள இது ஆரு வேலைன்னு தெரியலைன்னா, இன்னிக்குச் சாயங்காலம் போலீஸ்ல சாஹில் பேரைக் குடுத்துருவேன்னு அந்த அம்மணி சொல்றாங்க. பையன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கான். இப்பப் போயி கேசுன்னு ஒண்ணு விழுந்தா அவன் வாழ்க்கையே போச்சுங்கம்மா."

பாலகோபால் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டார். "அக்கா, பழைய கைப்பிடிக்குள்ள தங்கம் இருந்திருக்கும்!"

"தங்கமா இருந்தா நான் ஏனுங்க தம்பி இன்னும் பெயிண்ட் டப்பாவோட மல்லுக்கட்டறேன்?" என்றார் மஜீத்.

சாந்தாமணி டீயை முழுவதும் குடித்து முடித்த பிறகே எழுந்தார். உலகமே இடிந்து விழுந்தாலும் அவர் டீயைப் பாதியில் வைக்கமாட்டார் என்பது பாலகோபாலுக்குத் தெரியும். ஆகையால் அவர் வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

சரவணம்பட்டி ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. நீலத் துணி அடித்த தடுப்புகள் பளிச்சென்று நின்றன. பழைய சரக்கு என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. கீதா வெள்ளகோவில் பக்கத்துப் பெண். பேச்சு சுருக்கமாக இருந்தது, கண்ணில் தூக்கம் இல்லாதது தெரிந்தது.

"பாய் மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ஆனா நான் செய்யறது நோயாளிங்க விவரம் கையாளுற தொழிலுங்க. எவனோ உள்ள பூந்து ஒவ்வொரு டெஸ்க்குலயும் ஒரு புது உலோகத்தை மாட்டிட்டுப் போயிருக்கான். அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"மைக்!" என்றார் பாலகோபால். அவர் முகத்தில் வந்த ஒளியைச் சொல்லி முடியாது. பல வருஷ ஏக்கம் அல்லவா? கீதாவின் அனுமதியோடு ஒரு கைப்பிடியைக் கழற்றினார். வாட்ச்மேனிடம் ரம்பம் வாங்கி வந்து, வேர்க்க விறுவிறுக்க அதை இரண்டாக அறுத்தார். உள்ளே பித்தளை இருந்தது. இன்னும் கொஞ்சம் அறுத்துப் பார்த்தார். அங்கேயும் பித்தளைதான் இருந்தது.

"நல்ல சரக்கு. உள்ளயும் கெட்டி" என்றார் மஜீத், தொழில் பாசத்தில் தன்னை மறந்து.

இதற்குள் சாந்தாமணி ஒவ்வொரு மேசையாகப் போய் டிராயரை இழுத்து மூடிக்கொண்டு வந்தார். திருகாணிகள் பிசகில்லாமல் முடுக்கப்பட்டிருந்தன. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. கடைசியில், பிரிண்டர் வைத்திருந்த மூலை மேசையில் அவர் கை நின்றது. அந்த டிராயரில் பழைய இரும்புக் கைப்பிடியே இருந்தது.

"இது மாறலீங்களே" என்றார்.

கீதா ஓடி வந்து பார்த்தாள். அங்கே யாரும் உட்காருவதில்லை என்பதால் அவள் கவனிக்கவே இல்லை. "பதினொண்ணை மாத்திட்டு ஒண்ணை ஏன் விட்டான்? நேரம் பத்தலையா?"

"மேசைக்குக் குனிஞ்சு நிமிர்ற நேரந்தான் ஆகும் அம்மணி. பாய், இந்த ஒண்ணுல என்ன விசேஷம்?"

மஜீத் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கழுத்தைத் துடைத்தார். துடைக்க வேறு இடம் இல்லாமல் போகவே உண்மையைச் சொன்னார். "மத்ததெல்லாம் ஒரே ஆபீஸ் சரக்குங்க. அங்க பதினொண்ணுதான் இருந்துச்சு. அம்மணி பன்னெண்டு வேணும்னாங்க. வேற எடத்துல வாங்குன ஒண்ணைச் சேர்த்து, ஒரே துணி, ஒரே பெயிண்ட் அடிச்சு, கைப்பிடியும் அதே மாதிரி போட்டுட்டோம். வித்தியாசம் தெரியாதுங்க."

"தெரியாதுன்னுதான் எங்கிட்டச் சொல்லாம விட்டீங்களா?" என்றாள் கீதா.

"மாத்துனவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார் சாந்தாமணி.

கீதா உடனே பிடித்துக்கொண்டாள். "அப்ப வேற ஆரு? எது எந்தச் சரக்குன்னு தெரிஞ்சது பாய்க்கும் சாஹிலுக்குந்தான். சாவி சாஹில் கையில. இன்னும் என்ன வேணுமுங்க?"

மருமகனைக் காப்பாற்றத் துப்பறிகிறவரை அழைத்து வந்து, அவரே ஒரு கயிற்றை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினால் எப்படி இருக்கும்? மஜீத் அப்படித்தான் சாந்தாமணியைப் பார்த்தார். சாந்தாமணியோ மேசைக்கு அடியில் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். பழுப்பு நிறத்தில், நகத்தளவு, கட்டியான ஒரு துணுக்கு.

"பிஸ்கட்" என்றார் பாலகோபால், ஏமாற்றத்தோடு.

"இருக்கலாம். ஒரு கப்புல தண்ணி கொண்டா." சாந்தாமணி அந்தத் துணுக்கைக் காகிதக் கப்பில் இருந்த தண்ணீரில் போட்டு மேசை மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். பாலகோபால் கப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்னால் ஓடினார்.

வாட்ச்மேன் யோசித்து யோசித்துச் சொன்னார். "ஞாயித்துக்கெழமை மத்தியானம் அந்தப் பாய் பையன் குட்டியானை வண்டியில வந்தானுங்க. பக்கத்துல ஒரு ஆளு, தலையில துண்டு. சுமை எறக்கற ஆளுன்னு நெனச்சேன். வேற ஒருத்தரும் வரலீங்க."

"வண்டி நின்னதும் என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"என்னத்தை நடக்குறது? பையன் எறங்குனான். சுத்தி வந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் தெறந்து விட்டான். அந்த ஆளு எறங்குனாரு. ஒரு துணிப் பை இருந்துச்சு, அதையும் பையனே வாங்கிட்டான். ரெண்டு பேரும் மேல போனாங்க."

"கூட்டாளி!" என்று பாலகோபால் காதோடு சொன்னார். "ரெண்டு பேர் சேர்ந்து பண்ணியிருக்காங்கக்கா. சாஹில் மாட்டிக்கிட்டான்."

"சுமைக்காரருக்கு ஆருடா வண்டிக் கதவைத் தெறந்து விடறாங்க?" என்று மட்டும் கேட்டார் சாந்தாமணி.

மேலே வந்தபோது காகிதக் கப்பைப் பார்த்து பாலகோபால் ஒரு அடி பின்வாங்கினார். நகத்தளவு போட்ட துணுக்கு தண்ணீரைக் குடித்துப் பொங்கி, பழுப்புப் பஞ்சு போலப் பாதிக் கப்புக்கு உயர்ந்து நின்றது. "அக்கா, வெடிமருந்தா?"

"வெடிமருந்து தண்ணியில போட்டா நமத்துப் போகும்டா" என்றார் அவர். ஆனால் அது என்னவென்று சொல்லவில்லை. பாலகோபாலுக்கு மண்டை காய்ந்தது. திருடன் நல்லவனா கெட்டவனா, சுமைக்காரன் சுமைக்காரனா இல்லையா, பிஸ்கட் பிஸ்கட்டா இல்லையா, ஒன்றும் விளங்கவில்லை. இந்த உத்தியோகத்துக்கு மருந்து விற்றதே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

கிடங்கில் சாஹில் ஒரு தடுப்பைத் தரையில் கிடத்தித் துணி அடித்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றான். பாலகோபால் போலீஸ் தோரணையில், "உன்கூட வந்த ஆள் யார்?" என்றார். சாஹிலின் முகம் வெளுத்தது. கீழே கிடந்த தடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சாந்தாமணி ஒரு பழைய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அந்தப் பதினொண்ணையும் பிரிச்செடுக்கப் போனீல்ல கண்ணு, அன்னிக்கு அந்த எடத்துல உனக்குச் சோறு போட்டாங்களா?"

இந்தக் கேள்வியை யாருமே எதிர்பார்க்கவில்லை. சாஹிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "போட்டாங்கக்கா" என்றான். "அந்த ஐயாவே பரிமாறுனாரு." அதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டான். "அதுக்கு மேல கேக்காதீங்க. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"கேக்கல. நீ வேலையைப் பாரு."

வெளியே வந்ததும் மஜீத் சாந்தாமணியை மறித்தார். "அம்மா, ஒரு உண்மையைச் சொல்லட்டுங்களா? ரெண்டு நாளா நான் தூங்கல. அவன் வாயைத் தெறக்காம நிக்கிறதைப் பாத்தா, இவன்தான் எதுலயோ போய் விழுந்துட்டானோன்னு எனக்கே தோணுது. பெத்தவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சாந்தாமணி வேறொன்று கேட்டார். "நீங்க எங்க சரக்கு வாங்குனீங்கன்னு வெளிய சொல்வீங்களா பாய்?"

"சொல்ல மாட்டேனுங்க. எங்க தொழில்ல அது கட்டுப்பாடு. ஆபீஸ் சாமானை விக்கிறவங்க மனசு ஒடஞ்சுதான் விக்கிறாங்க. இன்னாரு வித்தாங்கன்னு வெளிய தெரிஞ்சா, கடன் குடுத்தவன் கதவைத் தட்டுவான், சம்பந்தம் பேசுனவன் பின்வாங்குவான். வித்த ஊட்டுப் பேரு நாக்குல வரக்கூடாது. சாஹில் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே நான் சொல்லிக் குடுத்த மொதப் பாடம் அதுதான்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"எனக்குப் பேரு வேண்டாம்" என்றார் சாந்தாமணி. "ஒரு காரியம் பண்ணுங்க. பொள்ளாச்சி ரோட்டுல, கிணத்துக்கடவு சுத்துவட்டாரமா இருக்கோணும், தென்னை நார் மில் வெச்சிருக்கற ஒரு பெரியவருகிட்ட இந்தச் சரக்கை வாங்கியிருப்பீங்க. அவருக்குப் போன் போட்டு, சாயங்காலம் சாஹில் மேல போலீஸ்ல புகார் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

மஜீத் பிளந்த வாயை மூடவில்லை. பாலகோபால் பிளந்த வாயோடு ஏதோ கேட்க வந்தார். சாந்தாமணி டீ குடிக்கப் போய்விட்டார்.

மாலையில் கீதாவின் ஆபீஸில் எல்லோரும் கூடினார்கள். கீதா கைப்பையும் புகார் மனுவுமாகக் கிளம்பத் தயாராக இருந்தாள். சாஹில் சுவரோரமாக நின்றான். மஜீத் அவனுக்குப் பக்கத்தில், ஆனால் அவனைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"சீக்கிரம் சொல்லுங்க மேடம்" என்றாள் கீதா.

"சொல்றேன் அம்மணி. திருடுனவரு வெச்சுட்டுப் போனது எடுத்துட்டுப் போனதை விட விலை ஒசத்தி. அப்ப அவருக்கு வேண்டியது லாபம் இல்ல. வேவு பாக்கறதும் இல்ல, அதை பாலகோபால் அறுத்தே காட்டிட்டான். அவருக்கு வேண்டியது அந்தப் பழைய இரும்புத் துண்டுங்கதான். அது ஆருக்கு வேணும்? பழைய சொந்தக்காரருக்குத்தான் வேணும். அவரு சரக்கு பதினொண்ணு. பதினொண்ணுலதான் கை வெச்சாரு. அடுத்தவங்க சாமானைத் தொடல."

"அவரு எங்கிருந்து வந்தாருன்னு எப்படித் தெரிஞ்சுதுக்கா?" என்று பாலகோபால் குறுக்கிட்டார்.

"தண்ணியில பொங்குச்சே, அது தேங்காய் நார்த் தூளை அமுக்கிச் செய்யற கட்டியோட துணுக்கு. செடி வளர்க்க வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. அவரு கைப்பிடி போட்டுக் கொண்டாந்த பையில ஒட்டியிருந்து விழுந்திருக்கு. பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் போனா ஊருக்கு நாலு மில் இருக்குது. வாட்ச்மேன் பாத்த ஆளு சுமைக்காரரு இல்ல. சாஹில் எறங்கி வந்து கதவைத் தெறந்து, பையை வாங்கிக்கிட்டான். சோறு போட்ட கைக்கு மரியாதை. அவரு பேரை அவன் சொல்லல. வித்தவங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு அவன் மாமன் சொல்லிக் குடுத்திருக்காரு."

"சரிங்க. ஆனா கைப்பிடியை ஏன்? ஆரு இதுக்காக இவ்வளவு பாடுபடுவா?"

"நீங்க வெள்ளகோவில்தான? ஊட்டுல மாடு இருந்துச்சா?"

கீதாவின் கை தானாகப் பக்கத்து டிராயரின் கைப்பிடியைத் தொட்டது.

"மாட்டை வித்தா கயிறோட ஆரும் குடுக்கறதில்ல" என்றார் சாந்தாமணி. "கயித்தைக் கழட்டி வெச்சுக்கிட்டு மாட்டை மட்டுந்தான் குடுப்பாங்க. கயிறு போச்சுன்னா அந்த மாட்டுப் பட்டியோட லட்சுமியும் கூடவே போயிருமுன்னு நம்பிக்கை. அவரு இந்த மேசைகளை வித்தப்ப அது ஞாபகத்துல வரல. மேசைக்கு ஏது கயிறுன்னு இருந்துட்டாரு. அப்புறம் தொழில்ல ஏதோ ஒரு அடி விழுந்திருக்கோணும். மாட்டைக் கயித்துல புடிக்கிறோம், மேசையை எதுல புடிக்கிறோம்னு யோசிச்சிருக்காரு."

"நல்ல கதைங்க" என்றாள் கீதா. குரல் முன்பு போல் இல்லை. "ஆனா நாளைக்கு வர்றவங்களுக்குக் கதை போதாதே."

"போதுமுங்க அம்மணி, நானே வந்துட்டேன்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு நின்றார் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. துணிப் பையை மேசை மேல் கவிழ்த்தார். பதினோரு இரும்புக் கைப்பிடிகள் கலகலவென்று விழுந்தன.

"என்ற பேரு வெள்ளியங்கிரிங்க. ஆபீஸை மூடிட்டு மில்லுலயே ஒரு ரூமுல ஒதுங்கிட்டேன். சாமானை வித்த சூட்டுல, மிச்சம் இருந்த ஒரு பெரிய ஆர்டரும் கை நழுவிப் போயிருச்சு. 'மாட்டை வித்தாக் கயித்தை வெச்சுக்குவீங்க, ஆபீஸை மட்டும் கயித்தோட ஓட்டி உட்டுபோட்டீங்களே'ன்னு ஊட்டுக்காரி ராசாத்தா சொன்னா. அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல. இந்தப் பையனைக் கூப்புட்டுக் கெஞ்சுனேன். ஆருக்கும் சொல்லாதே கண்ணுன்னு கையைப் புடிச்சுக்கிட்டேன். மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னான். நான் அழுதுட்டேனுங்க. அதுல மனசு எறங்கிட்டான்."

"பன்னெண்டாவது உங்களுது இல்லைன்னு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று பாலகோபால் கேட்டார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் அவரால் அன்று தூங்க முடியாது.

"இழுத்துப் பாத்தேன், சத்தம் வேறயா இருந்துச்சு. என்ற மாட்டை எனக்குத் தெரியாதுங்களா?"

கீதா கோபப்பட முயன்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேனே."

"கேட்டு வாங்குனா யாசகம் அம்மணி. கயிறுங்கறது வித்தவனோட பாத்தியதை." பெரியவர் சாஹிலின் பக்கம் திரும்பினார். "ஆனா என்ற பாத்தியதைக்கு இவன் செயிலுக்குப் போவான்னு நான் நெனைக்கல. புகாரு குடுக்கறதுன்னா என்ற பேருல குடுங்க. நான்தான் பூந்தேன்."

கீதா ஒரு பழைய கைப்பிடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க பண்ணுனதே தப்புங்க ஐயா" என்றாள் கடைசியில்.

"தப்புத்தானுங்க."

"அதைச் சொல்லல. எங்கப்பா காங்கேயம் மாடு வெச்சிருந்தவரு, எனக்கும் தெரியும். வித்தவரு பழைய கயித்தை எடுத்துக்கோணும், சரி. புதுக் கயிறு வாங்குறவங்கதான கொண்டாரோணும்? நீங்களே புதுசையும் மாட்டிவிட்டா, அதுவும் உங்க கயிறுதான. மறுபடி கயித்தோடதான் குடுத்திருக்கீங்க."

இவ்வளவு பாடும் வீணா என்று வெள்ளியங்கிரி மேசையைப் பிடித்துக்கொண்டார். சாந்தாமணியே முதல் முறையாகக் குழம்பிப் போய் கீதாவைப் பார்த்தார்.

"அதனால அந்தப் பித்தளைக்கு உண்டான விலையை நான் குடுத்துடறேன். வாங்கிக்கங்க" என்றாள் கீதா. "அப்ப அது என்ற கயிறு. உங்க கயித்தை நீங்க எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வர்றவங்ககிட்ட நடந்ததை அப்படியே சொல்லி, கதவுப் பூட்டையும் மாத்திக்கறேன். அறுத்த ஒண்ணுக்கு மட்டும் இந்த மேடம் பொறுப்பு."

பெரியவர் இரண்டு கையையும் கூப்பினார். பாலகோபால் அறுத்த கைப்பிடியை மெதுவாகத் தன் பாக்கெட்டுக்குள் நகர்த்தினார்.

கீதா புகார் மனுவை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு சுவரோரம் போய் சாஹிலின் எதிரில் நின்றாள். "தெரியாத ஆளை உள்ள விட்டது தப்பு, அதை நான் தப்புன்னுதான் சொல்லுவேன். ஆனா உன்னைத் திருடன்னு சொன்னது என்ற தப்பு. மன்னிச்சுரு தம்பி."

சாஹில் தலையை ஆட்டினான். அவ்வளவு நேரமும் விறைத்து நின்றவன் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். மஜீத்தும் முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"நீங்க கேட்டது பேருதான மாமு. அது மட்டுந்தான் என்னால சொல்ல முடியாது." சாஹில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான். "நீங்க என்னைய நம்புனீங்களா?"

பொய் சொல்ல மஜீத்துக்கு நல்ல சந்தர்ப்பம். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், பொய்யைச் சொல்லியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. சாந்தாமணிகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லடா" என்றார் மஜீத். "ரெண்டு நாளு நான் உன்னைய நம்பல." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சாஹில் மஜீத்தின் துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டான். பிறகு எழுந்து, மாமனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.

"நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் மாமு. வாங்க, ஊட்டுக்குப் போலாம். அம்மாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."